காகிதத்தைப் பார்த்த பிறகு பதில்: எல்லை ஊரில் வரிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போடியில் சின்னதாக ஒரு ஆபீஸ் வைத்து வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீடு இந்தப் பக்கம், பிழைப்பு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில். பூப்பாறையில் நாலு ஏக்கர் ஏலத்தோட்டம், சாந்தன்பாறையில் பங்காளிகளோடு சேர்ந்த நிலம், நெடுங்கண்டத்தில் ஒரு கடை, விடியுமுன் போடிமெட்டு ஏறி ஆள் கொண்டுபோகும் ஜீப்பு என்று ஒவ்வொருவர் கணக்கும் இரண்டு மாநிலத்திலும் கால் வைத்திருக்கும். கம்பம், கூடலூர், குமுளிப் பக்கம் இதே வேலை பார்க்கிற நண்பர்களுக்கும் இதே நிலைமைதான்.

பி.காம் முடித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணே, செக்‌ஷன் எல்லாம் படிச்சிட்டேன், பார்ட்டி கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வர மாட்டேங்குது" என்பது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பார்ட்டி வாயால் கேட்பது ஒன்றாக இருக்கும், அவர் பையில் இருக்கும் காகிதம் சொல்வது இன்னொன்றாக இருக்கும். இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதற்குப் பதில் சொல்லப் போனால் மாட்டிக்கொள்வது அவர்தான், நாம் அல்ல. அது மனதில் இருந்தால் மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பிரிவு எண்கள் 1961-ஆம் வருடச் சட்டத்தின் எண்கள். 2025-ஆம் வருடப் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஆனால் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குப் பழைய சட்டம்தான். அதனால் இரண்டு எண் முறையும் கொஞ்ச காலம் நம் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 1: நின்றுகொண்டு பதில் சொல்லாதீர்கள்

சில வருடம் முன்பு உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் தலைமை ஆசிரியர் ஒருவர், சொந்தக்காரர் முறை. ரசம் ஊற்றும்போது கேட்டார், "தம்பி, தோட்டத்து வருமானத்தை எங்க காட்டணும்?" நான் சாப்பிட்டுக்கொண்டே, "விவசாயம்தானே மாமா, அதுக்கு வரி கிடையாது, விட்டுருங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் விட்டுவிட்டார். சம்பளத்தை மட்டும் காட்டி ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போட்டிருக்கிறார். அந்த வருடம் காய் விற்ற ரொக்கம் 12 லட்சம் அவருடைய சேமிப்புக் கணக்கில் ஏறியிருந்தது. சேமிப்புக் கணக்கில் ஒரு வருடத்தில் 10 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் கட்டினால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்துவிடும். கேள்வி வந்தது, விவசாய வருமானம் என்று ஆதாரம் காட்டினார், காட்டியதும் அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டு வரி, அதற்கு வட்டி. கட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வீட்டு அத்தை என் அம்மாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நான் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. விவசாய வருமானத்துக்கு 10(1) பிரிவில் வரிவிலக்கு உண்டு. ஆனால் விலக்கு என்பது வேறு, காட்டாமல் விடுவது வேறு. அவருக்குச் சம்பளமும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து கல்யாண வீடு, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், எங்கே கேட்டாலும் எனக்கு ஒரே பதில்: "காகிதத்தை எடுத்துட்டு ஆபீசுக்கு வாங்க மாமா, பார்த்துச் சொல்றேன்." முதலில் சிலர் கோபித்துக்கொண்டார்கள், காசுக்காக இழுக்கிறான் என்று பேசினார்கள். அதற்காக மாறிவிடாதீர்கள். பார்க்க மட்டும் வருகிறவரிடம் நான் காசு வாங்குவதில்லை, அதையும் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போனில் வரும் குரல் பதிவுக்கும் இதேதான். மூன்று நிமிஷம் பேசி அனுப்புவார்கள், கடைசி பத்து நொடியில்தான் விஷயம் இருக்கும். முழுக்கக் கேளுங்கள். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், பேசி அனுப்பாதீர்கள். ஆறு மாதம் கழித்து "நீங்கதானே சொன்னீங்க" என்று வரும்போது இரண்டு பேருக்கும் அது உதவும், முக்கியமாக உண்மையில் நாம் என்ன சொன்னோம் என்று நமக்கே தெரியும்.

படி 2: ஆள் யார், நிலம் யார் பெயரில்

முதலில் பான் அட்டையையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பெயர்களில் இனிஷியல்தான் பெரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பானில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் நிற்கும், கேரளாவில் படித்து வேலை பார்த்தவர் என்றால் பள்ளிச் சான்றிதழில் வீட்டுப் பெயர் வேறு சேர்ந்திருக்கும். வங்கிக் கணக்கில் நாலாவதாக ஒரு பெயர். ரீஃபண்ட் வராமல் நிற்பதற்கு நான் பார்த்த காரணங்களில் பாதி இதுதான், வங்கிக் கணக்குப் பெயரும் பான் பெயரும் ஒத்துப்போகாமல் வேலிடேட் ஆகாதது. ரிட்டர்ன் போடும் அன்றைக்கு இதைக் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஏப்ரல், மே மாதத்திலேயே பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்களை நான் அப்போதே பிடித்து இதை முடித்துவிடுவேன்.

அடுத்து நிலம். "நம்ம தோட்டம்" என்பார்கள். நம்ம என்றால் யார்? அப்பா பெயரில் இருக்கிறதா, அண்ணன் தம்பி பிரிக்காமல் வைத்திருக்கிறார்களா, மனைவிக்கு அவர் வீட்டில் கொடுத்ததா? காய் விற்ற காசு மகன் கணக்கில் வந்துவிட்டால் அது மகன் வருமானம் ஆகிவிடாது. நிலம் யாருடையது, யார் செலவு செய்து விளைவித்தார், எந்த ஒப்பந்தத்தில் என்று மூன்றையும் கேட்டு நோட்டில் எழுதுங்கள். வருத்தப்படுவார்களே என்று நினைக்காதீர்கள், "ரிட்டர்ன்ல கேக்குது அக்கா, அதான்" என்று சொன்னால் சொல்லிவிடுவார்கள்.

ரிட்டர்னில் நிஜமாகவே கேட்கிறார்கள். நிகர விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால், நிலம் இருக்கும் மாவட்டம், பின்கோடு, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். இடுக்கி மாவட்ட நிலம் என்றால் கிராம அலுவலகத்தில் கரம் (நில வரி) கட்டிய ரசீதை வாங்கிப் பாருங்கள். மலையாளத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். தண்டப்பேர் எண் (நிலக்காரரின் கணக்கு எண்), சர்வே எண், பிறகு பரப்பு. அந்தப் பரப்பு ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்று வரிசையாக இருக்கும், ஏக்கரில் இருக்காது. ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 2.47 சென்ட். ரசீதில் 80 ஆர் 94 சதுர மீட்டர் என்று இருந்தால் அது 2 ஏக்கர். 80 என்ற எண்ணைப் பார்த்து 80 சென்ட் என்று எழுதிவிட்டால் பாதிக்கும் மேலே நிலம் காணாமல் போய்விடும். அந்தச் சின்ன நிலத்தில் இவ்வளவு காய் எப்படி வந்தது என்று கேட்டால் பார்ட்டிதான் பதில் சொல்ல வேண்டும்.

மலையாளம் படிக்கத் தெரியாது என்றால் கற்றுக்கொள்ளுங்கள், அல்லது தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டன்மேட்டிலிருந்தும் கட்டப்பனையிலிருந்தும் வருகிற சேட்டன்மார் நம் தமிழை நன்றாகவே பேசுவார்கள். அவர்களுடைய காகிதம் மட்டும் மலையாளத்தில்தான் இருக்கும்.

படி 3: போர்ட்டலில் ஏற்கெனவே என்ன இருக்கிறது

வருமான வரிப் போர்ட்டலிலிருந்து 26ஏஎஸ் (பார்ட்டி பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (அவரைப் பற்றித் துறைக்கு வந்த வருடத் தகவல்) இரண்டையும் இறக்காமல் ஒரு எண்கூட நிரப்பாதீர்கள். ஜூன் பாதிக்கு முன் அவசரப்பட்டுப் போடவும் வேண்டாம். சம்பளத்தில் வரி பிடித்தவர்கள் கடைசிக் காலாண்டுக் கணக்கைக் கொடுக்க மே 31 வரை நேரம், படிவம் 16 கொடுக்க ஜூன் 15 வரை நேரம். அதற்கு முன் இறக்கினால் பாதி விவரம்தான் இருக்கும்.

தோட்டக்காரர்களின் 26ஏஎஸ்சில் இரண்டு விஷயம் எட்டிப்பார்க்கும். ஒன்று 194க்யூ. முந்தைய வருடம் 10 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள ஒருவர் ஒரே ஆளிடம் வருடத்தில் 50 லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கினால், தாண்டிய தொகைக்கு 0.1 சதவீதம் பிடிக்க வேண்டும். ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த வருடங்களில் பெரிய தோட்டக்காரர்களுக்கு இது சாதாரணமாக வரும். இரண்டாவது 194என். கூலி போடுவதற்காக வாரா வாரம் வங்கியில் ரொக்கம் எடுப்பார்கள். மூன்று வருடமாக ரிட்டர்னே போடாதவர் என்றால் வருடத்தில் 20 லட்சத்தைத் தாண்டியதுமே 2 சதவீதம் பிடிப்பார்கள். "விவசாயிக்கு எதுக்கு ரிட்டர்ன்?" என்று பல வருடம் போடாமல் இருந்த அண்ணன்மார் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிடித்த பணம் அவர்களுடையதுதான், ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். ஆனால் போட்டால்தான் வரும்.

ஏஐஎஸ்சில் இருப்பது எல்லாம் சரியென்றும் நினைக்காதீர்கள். கூட்டுக் கணக்கில் இருக்கும் வட்டி இரண்டாவது பெயர்க்காரருக்கும் காட்டும், பத்திரப் பதிவு இரண்டு முறை ஏறியிருக்கும். தப்பு என்றால் அங்கேயே கருத்துப் பதிவு செய்ய வழி இருக்கிறது, செய்துவிட்டு அதன் நகலையும் கோப்பில் வையுங்கள்.

படி 4: காசு எந்த வழியில் வந்தது

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். "ஏலக்காய்க் காசு" என்று ஒரே பெயரில்தான் சொல்வார்கள், உள்ளே பல வகை இருக்கும்.

தன் தோட்டத்துக் காயைப் பறித்து, ஸ்டோரில் (காய் உலர்த்தும் இடம்) போட்டு உலர்த்தி, போடியிலோ புற்றடியிலோ ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் விற்றால் அது விவசாய வருமானம். உலர்த்துவது சந்தைக்குக் கொண்டுபோகும் பக்குவத்துக்காக விவசாயி வழக்கமாகச் செய்கிற வேலை, அதனால் அது வியாபாரமாக மாறாது. அதே ஸ்டோரில் பக்கத்துத் தோட்டத்துக் காயைக் கூலிக்கு உலர்த்திக் கொடுத்தால் அந்தக் கூலி வியாபார வருமானம். பக்கத்துத் தோட்டத்துப் பச்சைக்காயை விலைக்கு வாங்கி உலர்த்தி விற்றால் அதுவும் வியாபாரம்தான். தோட்டத்தைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விட்டு, அதில் விவசாயம் நடந்து, அதிலிருந்து வரும் பாட்டக் காசு விவசாய வருமானம். காய் வாங்கிக் கொடுத்து புரோக்கர் கமிஷன் பார்த்தால் அது வியாபாரம், அதோடு கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி உத்தேசக் கணக்கு (புத்தகம் எழுதாமல், வரவில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டுவது) பொருந்தாது, ஒழுங்காகப் புத்தகம் எழுத வேண்டும். இதைத் தெரியாமல் 8 சதவீதம் என்று போட்டுவிடுகிற ஆட்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

ஏலக்காய், மிளகு போல எல்லாப் பயிரும் இல்லை. தேயிலையைத் தானே விளைவித்துத் தானே தூளாக்கி விற்றால் 40 சதவீதம் வியாபாரம், 60 விவசாயம். காப்பியைப் பதப்படுத்தி விற்றால் 25 சதவீதம் வியாபாரம், வறுத்து அரைத்து விற்றால் 40. ரப்பர் பாலைச் சென்ட்ரிஃப்யூஜ் லேட்டக்ஸாகவோ பிளாக் ரப்பராகவோ ஆக்கி விற்றால் 35 சதவீதம் வியாபாரம். இலையாகப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிற சின்ன விவசாயிக்கு இது வராது, முழுக்க விவசாயம்தான்.

ஜீப்பு வைத்திருப்பவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அவர்கள் நிறைய. சரக்கு வண்டிக்கு 44ஏஇ என்று ஒரு பிரிவு, சிறிய வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் என்று வருமானம் காட்டினால் போதும். ஆள் ஏற்றுகிற ஜீப்பு சரக்கு வண்டி இல்லை. அதற்கு அந்தப் பிரிவு கிடையாது, 44ஏடி-யில்தான் போக வேண்டும், ரொக்க வசூலுக்கு 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6. ஆர்சி புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு மூலையில் வண்டி வகை எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் நான் பிரிவையே முடிவு செய்வேன்.

படிவத்தையும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 கிடையாது, ஐடிஆர்-4-ம் கிடையாது. சம்பளக்காரர் என்றால் ஐடிஆர்-2. ஜீப்புக்காரருக்கு மலையில் இரண்டு ஏக்கர் தோட்டமும் இருந்தால் ஐடிஆர்-3, வேலை கூடும், அதற்கேற்ப முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செலவுக்குக் காகிதம் கேளுங்கள். நிகர வருமானம்தான் நமக்கு வேண்டும், விற்ற மொத்தம் இல்லை. எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் கணக்கப்பிள்ளையின் நீளமான டைரியில் இருக்கும். பக்கங்களின் ஓரம் மருந்துக் கறையில் மஞ்சளித்து, பிரித்தால் ஏலக்காய் வாசம் அடிக்கும். வாரத்துக்கு எத்தனை ஆள், என்ன கூலி, எத்தனை முறை மருந்து, எத்தனை மூட்டை உரம், ஸ்டோருக்கு எத்தனை லோடு விறகு என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை வாங்கிப் பொறுமையாகக் கூட்டுங்கள். "குத்துமதிப்பா பாதி செலவு போட்டுருங்க தம்பி" என்பார்கள். போடாதீர்கள்.

படி 5: சேர்த்துக் கணக்குப் போடுவது

மலைக்காட்டில் அதிகம் தப்பாகும் இடம் இது, மாமாவுக்கு நான் செய்த தப்பும் இதுதான். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் விவசாயம் அல்லாத வருமானம் வரி இல்லாத அடிப்படை வரம்பைத் தாண்டி, விவசாய நிகர வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினால், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று பார்க்க விவசாய வருமானத்தையும் சேர்த்துக்கொள்வார்கள்.

உதாரணத்துக்கு ஒரு ஆசிரியை. 2025-26-இல் நிலைக்கழிவு 75,000 போனபிறகு சம்பள வருமானம் 9 லட்சம். அவர் பெயரில் உள்ள தோட்டத்தில் நிகர வருமானம் 6 லட்சம். புதிய வரி முறை. அவர் வந்து உட்கார்ந்ததும் கேட்பது, "12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு சொன்னாங்களே, எனக்கு ஒண்ணும் கட்ட வேண்டாம்ல?"

காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். முதலில் இரண்டையும் கூட்டினால் 15 லட்சம். அதற்குப் புதிய முறை வரி: 4 லட்சம் வரை ஒன்றுமில்லை, 4-லிருந்து 8 வரை 5 சதவீதம் 20,000, 8-லிருந்து 12 வரை 10 சதவீதம் 40,000, 12-லிருந்து 15 வரை 15 சதவீதம் 45,000. மொத்தம் 1,05,000. அடுத்து, விவசாய வருமானம் 6 லட்சத்தோடு அடிப்படை வரம்பு 4 லட்சத்தைக் கூட்டி 10 லட்சம். அதற்கு வரி 40,000. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 65,000. அவருடைய வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடி உண்டு, ஆனால் அது அதிகபட்சம் 60,000. மீதி 5,000, செஸ் 4 சதவீதம் சேர்த்து 5,200 ரூபாய்.

5,200 பெரிய பணம் இல்லை. ஆனால் அவர் வீட்டில் அத்தனை பேரும் "ஒன்றும் இல்லை" என்று நம்பிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்வது நம் வேலை. இப்படி நாலு வரி எழுதிக் காட்டினால் யாரும் சண்டைக்கு வருவதில்லை என்பது என் அனுபவம். கணினித் திரையைத் திருப்பிக் காட்டினால் சந்தேகப்படுவார்கள். பேனாவில் அவர்கள் கண் முன்னால் எழுதினால் கூடவே கூட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

வேறு வருமானமே இல்லாத முழு விவசாயிக்கு இந்தக் கணக்கே வராது. அவரைத் தேவையில்லாமல் பயமுறுத்தாதீர்கள்.

படி 6: செய்யக் கூடாததைக் கேட்கும்போது

"போன வருஷம் வேற ஒருத்தர் 40,000 ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தார், நீங்க வாங்கித் தருவீங்களா?" இது வருடா வருடம் வரும் கேள்வி. பழைய முறையில் இல்லாத வீட்டு வாடகை, கட்டாத காப்பீடு, கொடுக்காத கட்சி நன்கொடை என்று நிரப்பி, வந்த ரீஃபண்டில் பங்கு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் இப்படிப் பொய்க் கழிவு போட்டுக் கொடுத்தவர்கள் மீது நாடு முழுக்க 150 இடங்களில் துறை சோதனை நடத்தியது. வருமானத்தைத் தவறாகக் காட்டியது என்று முடிவானால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. அதைக் கட்டப் போவது பங்கு வாங்கியவர் இல்லை, ஸ்டேஷனிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்க்கிற நம் அண்ணன், அக்கா.

அவர்களை விரட்டாதீர்கள். பெரும்பாலும் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள். போன வருட ரிட்டர்னை இறக்கி ஒவ்வொரு கழிவாகக் கேளுங்கள், "இந்த வாடகை கொடுத்தீங்களா, யாருக்கு?" பொய்யிருந்தால் திருத்த வழி உண்டு. நேரம் தாண்டியிருந்தாலும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை, கூடுதல் வரியோடு ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு கூடும், முதல் வருடத்தில் 25 சதவீதம், அப்புறம் 50, 60, 70. துறை நோட்டீஸ் கொடுத்த பிறகு அந்த வழி அடைபடலாம். இதைச் சொல்லும்போது முகம் வாடிப் போவார்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

அடுத்தது நிலம் விற்கும் ரொக்கம். முன்பணமே ஆனாலும் நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கிய தொகைக்கு இணையாக அபராதம். இதை விற்பதற்கு முன் சொன்னால்தான் பயன். கிரயம் முடிந்து பையோடு வருகிறவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அதனால் தோட்டம் கைமாறப் போகிறது என்று காதில் விழுந்தாலே நான் போன் போட்டுவிடுவேன்.

படி 7: ஓடிபி, கையெழுத்து

பார்ட்டியின் கணக்கில் அவருடைய நம்பரும் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். வசதிக்காக நம் நம்பரைப் போட்டுவிட்டால், நோட்டீஸ் நமக்குத்தான் வரும், நாம் ஊரில் இல்லாத நாளில் அவருக்கு ஒன்றும் தெரியாது. மின்னஞ்சலே இல்லாதவருக்கு மகனோ மருமகளோ யாருடையதைப் போடுவது என்று அவரிடமே கேளுங்கள்.

தோட்டத்தில் சிக்னல் கிடையாது. போட்ட ரிட்டர்னைச் சரிபார்க்கப் பகலில் ஓடிபி கேட்டால் அவர் மேடேறி நின்று பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மலைக்குப் போகிறவர்களுக்கு நான் காலை ஐந்தரை மணிக்கு, ஜீப்பு கிளம்புவதற்கு முன் அனுப்புவேன், அல்லது ஞாயிற்றுக்கிழமை. அதுவும் முடியாது என்றால் ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பெங்களூரு மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். எந்த வழியானாலும் 30 நாளுக்குள். ரிட்டர்ன் போட்டதோடு வேலை முடிந்தது என்று விட்டு, சரிபார்க்காமல் கிடந்து செல்லாமல் போனவை உண்டு.

சமர்ப்பிக்கும் முன் மொத்த வருமானம், வரி, ரீஃபண்ட், வங்கிக் கணக்கு எண் நாலையும் தமிழில் எழுதிக் காட்டி, "இது உங்க கணக்கு, சரியா?" என்று கேட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: நோட்டீஸ் என்று பதறிக்கொண்டு வந்தால்

முதல் காரியம், அது உண்மையா என்று பார்ப்பது. துறை அனுப்பும் நோட்டீசில் ஆவண அடையாள எண் இருக்கும், போர்ட்டலில் போட்டுச் சரிபார்க்கலாம். ரீஃபண்ட் வந்திருக்கிறது, லிங்கைத் தட்டு என்று வரும் எஸ்எம்எஸ் எல்லாம் திருட்டு. 143(1) என்று வருவது பெரும்பாலும் கணக்கைச் சரிபார்த்த தகவல்தான், அதற்கே தூக்கம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். 139(9) என்றால் ரிட்டர்னில் குறை, 15 நாளில் சரிசெய்ய வேண்டும். தேதியை அவர் முன்னாலேயே காலண்டரில் வட்டமிடுங்கள். நம் தப்பு என்றால் நம் தப்பு என்று சொல்லிவிடுங்கள், அந்த வேலைக்குக் கட்டணம் வாங்காதீர்கள்.

நம்மை எல்லாரும் "ஆடிட்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். சிஏ முடிக்காதவர் அந்தப் பெயரைப் போர்டில் போடக் கூடாது. தணிக்கை தேவைப்படும் கணக்கு வந்தால் தேனியிலோ மதுரையிலோ உள்ள சிஏ-விடம் தயங்காமல் அனுப்புங்கள்.

படி 9: காசு, வாய், வீடு

கட்டணத்தை வேலை தொடங்குமுன் சொல்லுங்கள், ரீஃபண்டில் பங்கு என்று ஒருநாளும் பேசாதீர்கள். கூலி வேலை பார்த்து, பிடித்த வரியைத் திரும்ப வாங்க வருகிறவரிடம் நான் வாங்குவது மிகவும் குறைவு, அதை நான் நஷ்டமாக நினைத்ததில்லை.

வாய் முக்கியம். இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். "அவன் இந்த சீசன்ல எத்தனை கிலோ போட்டான்?" என்று டீக்கடையில் அன்பாகத்தான் கேட்பார்கள். பங்காளித் தகராறு கோர்ட்டில் நடக்கும்போது இரண்டு தரப்பும் உங்களிடமே கணக்கு எழுதியிருப்பார்கள். மேஜையில் இருக்கும் கோப்பைக் கவிழ்த்து வையுங்கள். என் வீட்டில்கூட யார் வந்தார் என்று சொல்ல மாட்டேன், மனைவியும் கேட்பதை விட்டுவிட்டாள்.

சம்பளக்காரர்களுக்கு ஜூலை 31 கடைசி நாள். தேதியைத் தள்ளி வைப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். 2025-இல் செப்டம்பர் வரை தள்ளினார்கள்தான், எல்லா வருடமும் அப்படி வராது. ஜூலை 20-க்கு மேல் புதிய ஆள் எடுப்பதை நான் நிறுத்திவிடுவேன். கடைசி வாரம் மாலையில் போர்ட்டல் நகராது, அதனால் அந்த வாரம் மட்டும் காலை நாலு மணிக்கு எழுந்து ஏழு மணிக்குள் சமர்ப்பித்துவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வருவேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எந்த எண்ணையும் தொடுவதில்லை, தூக்கக் கலக்கத்தில் ஒரு சைபர் கூடினால் அதைத் திருத்த இரண்டு மாதம் ஆகும்.

ஆகஸ்டில் காய் எடுப்பு சூடு பிடித்துவிடும், தோட்டக்காரர்கள் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். அதற்குள் ஒவ்வொருவருடைய மூலக் காகிதங்களையும் உறையில் போட்டு, மேலே பெயரும் வருடமும் எழுதி, கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கணக்கப்பிள்ளையின் டைரியை முதலில் கொடுங்கள். அடுத்த வாரக் கூலியை அவர் அதில்தான் எழுத வேண்டும்.